அம்மா வழி வந்த ஓரெழுத்து

என் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போன காலையில், நான் முதலில் செய்த காரியம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவியதுதான். டாக்டரிடம் ஓடவில்லை. மனைவியைக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லையின் கோடியில், பக்கத்துக் குடித்தனங்களுக்கும் பொதுவாக இருந்தது. எனக்கு அடுத்தபடியாகச் சொம்போடு காத்திருந்தவர் ஒரு நெசவாளி, அப்பா காலத்துச் சிநேகிதர். அவர் கண்ணில் அந்த நிறம் பட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாத ஆண்பிள்ளைக்கு அந்த இடத்தில் கோளாறு என்றால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். நெசவுக் குடும்பம், அப்பா இறந்தபின் வீட்டில் தறி ஓடவில்லை. அம்மா தனபாக்கியம் மட்டும் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். என் மனைவி மங்கையர்க்கரசி பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. அப்போது அவளுக்கு நாலாம் மாதம். தங்கை சரோஜாவைப் பக்கத்து ஊரான ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரே பையன், வேலு.

நாட்டை விட்டே போய்விட்டது என்று நாங்கள் நம்பியிருந்த மலேரியா, எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்தது. செவிலிமேட்டிலிருந்து பாலாற்றங்கரை நெடுகக் குளிர்காய்ச்சல். எனக்கும் வந்தது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிக்கொண்டு, வெள்ளை மாத்திரைகள் கொடுத்துவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டது. சில நாள் கழித்து, ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருப்பது உறுதி என்று சொல்லி வேறொரு மாத்திரையைக் கொண்டுவந்தார். வெள்ளை மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். இந்த இரண்டாவது மாத்திரை, ஈரலுக்குள் ஒளிந்திருந்து பிறகு கிளம்பும் கிருமியைத் தேடிப் பிடிக்கும். பிரிமாகுவின் என்று பெயர். அதைச் சாப்பிட்டு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர் செய்தது முறையான காரியம். என் உடம்புக்கு அது ஆகாது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நிறம் மாறியபின்னும் நான் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

"உங்க கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. கண்ணாடியில பாத்தீங்களா?" என்றாள் மங்கை.

"ராத்திரி தூக்கமில்ல."

"தூக்கமில்லன்னா செவக்கும். மஞ்சளாவா ஆவும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது பலகை மெல்லச் சாய்ந்து வருவதுபோல் இருந்தது. சாய்ந்தது நான்தான். மாணவர்கள் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆண்கள் வார்டு நீளமான கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், பினாயில் வாசனை, ஒவ்வொரு கட்டிலின் கீழும் ஒரு கூஜாவும் பையும். என்னைப் பார்த்தவர் டாக்டர் ராஜலட்சுமி. சென்னையில் படித்துவிட்டு வந்து ஊருக்குப் புதிது. என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"யூரின் என்ன கலர்ல போகுது சார்?"

"கொஞ்சம் மஞ்சளா."

ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார். நான் கொண்டுவந்து கொடுத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தே பார்த்தார்.

"இது கொஞ்சம் மஞ்சளா சார்? எத்தனை நாளா இப்படிப் போகுது?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வேலை என்ன என்று தெரிந்துகொண்டபின், குரலைத் தாழ்த்தி விளக்கினார். என் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உள்ளேயே உடைந்துகொண்டிருந்தன. உடைந்த அணுக்களிலிருந்து கசியும் சிவப்புச் சாயம்தான் சிறுநீரில் கறுப்பாக இறங்கியது. அது அளவுக்கு மீறிப் போனால் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் பிழைப்பது கஷ்டம். மாத்திரையை உடனே நிறுத்தி, கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து நான் கழித்த சிறுநீரில் கொஞ்சத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலில் பிடித்து, ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார்கள். நிறம் வெளுக்கிறதா, இன்னும் கறுக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி. மருத்துவத்துக்கு அது சரி. எனக்கோ, என் மானத்தைப் பாட்டிலில் அடைத்து அடுக்கிவைத்தது போலிருந்தது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். அவர்கள் பார்வை ஒவ்வொன்றாக ஜன்னலுக்குப் போய், அவசரமாகத் திரும்பி, பழப் பையில் வந்து நின்றது.  நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. சொந்தக்காரர் யாராவது கொடுப்பீர்களா என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து முழங்கைவரை கையை நீட்டினாள்.

"என்னாண்ட எடுத்துக்கோ கண்ணு. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ. எனக்கு ஒரு நோவு கெடையாது. இன்னிக்கும் ராட்டை சுத்திக்கினு இருக்கேன்."

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ரத்தம் வேண்டாம்மா. சோதனைக்கு மட்டும் துளி எடுத்துக்கறேன்."

"ஏன்? பெத்தவ ரத்தம் ஆவாதா?"

"அப்படி இல்லம்மா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க கூடப் பொறந்தவங்கள்ல ஆம்பளைங்க யாராவது இப்படிக் கறுப்பா யூரின் போயி, மஞ்சக்காமாலை வந்து இருக்காங்களா? இல்ல, உங்களுக்கே ஆம்பளைக் குழந்தை பொறந்து தவறி இருக்குதா?"

"இல்ல" என்றாள் அம்மா. சொன்ன வேகத்திலேயே கையையும் இழுத்துக்கொண்டாள்.

மங்கையும் நானும் வற்புறுத்தியபின் கொஞ்சம் ரத்தம் எடுக்க விட்டாள். எனக்கு ரத்தம் கொடுத்தது கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர்கள். அந்த ரத்தப் பாட்டில் தலைக்கு மேல் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அம்மா வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று மங்கை சொன்னாள். பெற்றவளின் ரத்தத்தை வேண்டாம் என்று நாலு பேர் எதிரில் ஒதுக்கியிருக்கிறார்கள். அவமானம் என்னோடு நிற்கவில்லை, அவள்வரை போய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் இருவரின் ரத்தமும் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் சென்னைக்குப் போயிற்று. அங்கே டாக்டருக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. முடிவு வருவதற்குள் பாட்டில்கள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. கறுப்பு, பிறகு கருஞ்சிவப்பு, பிறகு தேயிலைத் தண்ணீர். சிறுநீரகம் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

முடிவு இதுதான். சிவப்பணுவுக்குள் ஒரு நொதி உண்டு, ஜி6பிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சில மருந்துகள் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணு வெந்து போகாமல் காப்பது அதன் வேலை. எனக்கு அந்த நொதி குறைவு. சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. ஆகாத பொருள் உள்ளே போனால்தான் அணுக்கள் பொலபொலவென்று உடையும். இது பரம்பரையாக வருவது. அது இருக்கும் எக்ஸ் குரோமோசோம் ஆணுக்கு ஒன்றே ஒன்று, அம்மாவிடமிருந்து மட்டுமே வரும்; பெண்ணுக்கு இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அம்மாவின் ரத்தத்தைச் சாயமேற்றிப் பார்த்ததில் ஏறக்குறையப் பாதி அணுக்கள் சரியாக இருந்தன, பாதி குறையுள்ளவை. அவளுக்குச் சரியான பாதி போதுமானதாக இருந்ததால் ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அவள் கொடுத்தது அந்த இன்னொரு பாதி.

இதையெல்லாம் நான் வகுப்பில் படம் போட்டு நடத்துகிறவன். ஆனாலும் அம்மாவிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

மத்தியான நேரம்; வார்டு சாப்பிட்டுவிட்டு அசந்திருந்தது. அம்மா என் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு, "ஒனக்கு முன்ன ஒண்ணு பொறந்துச்சுபா" என்றாள்.

ஒரு குழந்தை தவறியது என்பது மட்டும் எனக்கு ஒருவாறு தெரியும். எங்கள் வீட்டில் அது பேசாத பேச்சு.

"ஆம்பளப் புள்ள. நல்லாத்தான் இருந்துச்சு. மார்கழிக் குளுரு. என் கல்யாணப் பட்ட எடுத்து நாலா மடிச்சு அதுல சுத்தி வெச்சேன். பொட்டியில பாச்சை உருண்டை போட்டு வெச்சிருந்த பட்டு. வெள்ளிக்கெழம பாக்கறேன், மஞ்சக் கெழங்காட்டம் இருக்குது ஒடம்பு. ரெண்டு நாள் தாங்கல. என் மாமியா, என் பால்ல வெசம் இருக்குதுன்னா. ஊரக் கூட்டிச் சொன்னா. ஒன்ன உண்டாயிருந்தப்போகூட எவளும் எனக்குப் பூ வெக்க வரல."

டாக்டர் வந்தபோது இதைக் கேட்டேன். பாச்சை உருண்டையின் ஆவி, இந்தக் குறையுள்ள பச்சைக் குழந்தைக்கு அந்த மாத்திரை எனக்குச் செய்ததையே செய்யக்கூடும் என்றார். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ பால்ல வெசம் இல்ல" என்றாள்.

"இல்லவே இல்லம்மா."

"துணிதான். நான் சுத்தன துணி."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அன்னிக்கு எங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டர். அம்மா தலையை ஆட்டினாள். அதை ஏற்றுக்கொண்ட ஆட்டமாக எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் போனபின் அவள் கேட்ட கேள்விதான், நான் முடிவு வந்த நிமிஷத்திலிருந்து மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் வைத்திருந்த கேள்வி.

"சரோஜா புள்ளைக்கு?"

சரோஜாவுக்கு அது போயிருக்கப் பாதி வாய்ப்பு. போயிருந்தால் வேலுவுக்கு வந்திருக்க அதில் பாதி. நாலில் ஒரு பங்கு. சொன்னேன்.

அம்மா என் கட்டிலுக்கு அருகே குனிந்து ரகசியக் குரலில் சொன்னாள்: "சொல்லாத. சம்பந்தி வூட்டாண்ட மூச்சு வுடாத. என் மாமியா எனக்குச் சொன்ன சொல்ல அவ மாமியா அவளுக்குச் சொல்லுவா. அவளுக்கு இன்னும் ரெண்டு புள்ள பொறக்க வேணாமா? நானே ஜாக்கிரதையா சரோஜாவாண்ட மட்டும் அப்பால சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். ஊரில் பாதி வீட்டில் அந்த மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தும் சரி என்றேன். சொன்னால் தங்கை புகுந்த வீட்டில் என் தலை இறங்கிவிடும் என்ற பயம் அம்மாவின் பயத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டது. இந்த மருத்துவமனை நாட்களில் நான் மிகவும் வெட்கப்படுவது ஜன்னலில் இருந்த பாட்டில்களுக்காக அல்ல, அந்தச் 'சரி'க்காக.

ஞாயிற்றுக்கிழமை மங்கை ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்தாள். தூக்குப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "சரோஜா வரலன்னு கோச்சுக்காதீங்க. ஐயம்பேட்டைக்காரங்க ஒருத்தங்கள பஸ்ஸ்டாண்டுல பார்த்தேன். வேலுவுக்குக் குளிர்காய்ச்சலாம். போன வாரம் ரத்தம் எடுத்துக்கினு போயிருக்காங்க" என்றாள்.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஒரு கடிதாசு எழுதித் தரேன்" என்றேன். "மாப்பிள்ளைக்கு. பக்குவமா..."

"நீ எழுதி, அது போய்ச் சேந்து, அவங்க படிக்கறதுக்குள்ள மாத்திரக்காரன் வந்துட்டுப் பூடுவான்." அம்மா அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்று சத்தியம் வாங்காத குறையாக என்னைத் தடுத்தவள், வாயில் வைத்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தே போனாள். நான் கையில் ஊசியோடு படுத்துக் கிடந்தேன்.

காத்திருந்த அந்தப் பகலில்தான் மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் விஷயத்தையும். பையனாகப் பிறந்தால் என்னிடமிருந்து இது வராது. பெண்ணாகப் பிறந்தால் கட்டாயம் வரும். அம்மாவைப் போலப் பாதி.  மங்கை எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"அந்தக் குறை எங்க இருக்குதுங்க? ரத்தத்துலயா?"

"ரத்தத்துல இல்ல. எழுத்துல." தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் தைரியமாக இருந்தது. உயிரணுவின் உட்கருவில் ஒரு நீண்ட எழுத்துத் தொடர் இருக்கிறது. அதில் மொத்தம் நாலே எழுத்துகள். மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்து அதைப் படித்துத்தான் உடம்பு தன் புரதங்களைக் கோக்கிறது. புரதம் என்பது மணிமாலை மாதிரி. அமினோ அமிலங்கள் அதன் மணிகள். ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு மணி. நாலு எழுத்தை மூன்று மூன்றாக அடுக்கினால் அறுபத்துநான்கு சொற்கள் கிடைக்கும். மணிகளோ இருபது வகைதான். மூன்று சொற்கள் மட்டும் இதோடு நிறுத்து என்பதற்கு. மீதி எல்லாம் அந்த இருபதுக்கே.

"அத்தனை சொல்லு எதுக்கு? வீணால்ல போவுது?" என்றாள் மங்கை.

"வீண் இல்ல. ஒரு மணிக்கு ரெண்டு சொல்லு, நாலு சொல்லு, சிலதுக்கு ஆறு சொல்லுகூட இருக்குது. அந்தச் சொல்லுங்க பெரும்பாலும் கடைசி எழுத்துலதான் வேறுபடும். முதல் ரெண்டு எழுத்து ஒண்ணாவே இருக்கும். தலைமுறை தலைமுறையா இதைப் பார்த்து எழுதிக்கினே வரும்போது எழுத்துப் பிழை வராம இருக்குமா? கடைசி எழுத்துல பிழை வந்தா பல சமயம் அதே மணிதான் வரும். ஒண்ணும் ஆவாது. பிழை வந்ததே தெரியாது."

மங்கை கொஞ்சம் யோசித்தாள். "கடைப்போலி" என்றாள்.

"என்ன?"

"அறம்னும் சொல்லலாம், அறன்னும் சொல்லலாம். கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. திறம், திறன். நிலம், நிலன். அதைக் கடைப்போலின்னுதான் சொல்லித் தரேன் பிள்ளைங்களுக்கு."

எத்தனையோ வருஷமாக நான் கரும்பலகையில் அட்டவணை போட்டும் சரியாகப் புரியவைக்க முடியாததை அவள் ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

அவளுக்கு மேலே சொன்னேன். ஒரு மணிக்கு ஒரே சொல்தான் என்று இருந்திருந்தால், மீதிச் சொற்கள் எல்லாம் வெறும் உளறலாகியிருக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு பிழையும் ஒரு புரதத்தைக் கெடுத்திருக்கும். உயிர்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்காது. இந்தத் தாராளம் இருப்பதால்தான் எத்தனையோ பிழைகளைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டு பிள்ளை பெற்றுக்கொண்டே வருகிறோம். அந்தச் சத்தமில்லாத மாற்றங்கள் இயற்கையின் சல்லடையில் சிக்காமல் தலைமுறைகளாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. பின்னால் வரும் ஒரு மாற்றம் அவற்றின் மேல் ஏறி நின்று புதிதாக ஒன்றைச் செய்யவும் கூடும். இந்த ஏற்பாடு தற்செயலாக அமைந்ததா, பிழையைத் தாங்கும் ஏற்பாடுகள்தான் நிலைத்தனவா என்று விஞ்ஞானிகள் அப்போது வாதாடிக்கொண்டிருந்தார்கள். எது எப்படியானாலும், பிழையே இல்லாத பிரதி என்று எந்த மனிதனும் இல்லை.

"நம்மளுது கடைப்போலி இல்லையே" என்றாள் மங்கை.

"இல்ல. எந்த எழுத்துன்னு இன்னும் யாரும் படிச்சுப் பார்க்கல. ஆனா பொருள் மாறுற இடத்துல விழுந்திருக்குது."

"அப்போ முதல் எழுத்துல விழுந்த மாதிரி. அறம் போயி மறம்." அவள் குரல் இறங்கியது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே கூசியது.

எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் அப்போது சொன்னேன், சமாதானத்துக்காக இல்லை, அது உண்மை என்பதால். மலேரியா காலங்காலமாக இருந்த நாடுகளில்தான் இந்தக் குறை அதிகம். இந்தக் குறை உள்ளவர்களை, அதிலும் அம்மாவைப் போலப் பாதி உள்ள பெண்களை, உயிரைக் குடிக்கும் கொடிய மலேரியா அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை என்று ஒரு கருத்து உண்டு. அதனால்தான் இந்தப் பிழை அழியாமல் நின்றது.

"உங்களுக்குத்தான் மலேரியாவே வந்துடுச்சே."

"வந்தது சாதாரண வகை. வரவே வராதுன்னு யாரும் சொல்லல."

மங்கை முதல் தடவையாகச் சிரித்தாள். "மறத்துக்குப் பாவம்னு மட்டும் பொருள் இல்லீங்க. வீரம்னும் பொருள் இருக்குது." பிறகு கையை அலம்பிக்கொண்டு வந்து, "பொண்ணு பொறந்தா பொறக்கட்டும். எது ஆவாதுன்னு தெரிஞ்சுதானே வளர்க்கப்போறோம்" என்றாள்.

பொழுது சாயும்முன் அம்மா திரும்பினாள். கூடவே மாப்பிள்ளை நடராஜன், துண்டு போர்த்திய வேலுவைத் தோளில் சுமந்தபடி. பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு சரோஜா. டாக்டரிடம் காட்டப் பையனை வாங்கிக்கொண்டு அம்மாவும் சரோஜாவும் வராந்தாவில் நின்றுகொள்ள, நடராஜன் உள்ளே வந்தார்.

"மச்சான், அத்தை இன்னிக்கு எங்க தெருவையே கூட்டிட்டாங்க" என்றார்.

அம்மா போய் இறங்கியபோது சுகாதாரப் பணியாளர் தெருமுனைக்கு வந்துவிட்டிருந்தாராம். வேலுவின் ரத்தத்திலும் கிருமி உறுதியாகி, இரண்டாவது மாத்திரையைக் கையில் வைத்திருந்தார். அம்மா வீட்டுக்குள் போய்ச் சம்பந்தியம்மாவிடம் தனியாகச் சொல்லத்தான் நினைத்திருக்கிறாள். சம்பந்தியம்மாவோ, "கவுருமெண்ட்டு மாத்திரைய நீ என்ன வாணாம்ங்கறது? ஊருக்கே குடுக்கறான்" என்று பையனின் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். பணியாளருக்கும் விவரம் புரியவில்லை.

"அப்போ அத்தை நடுத்தெருவுல நின்னு கத்தினாங்க மச்சான். 'என் ரத்தத்துல கொற இருக்குது. எம் மவனுக்குக் குடுத்தேன், அவன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். எம் மொதப் புள்ளைக்குக் குடுத்தேன், மண்ணுல போட்டேன். எம் பொண்ணுக்கும் குடுத்திருப்பேன். அந்த மாத்திரைய இவன் வாயில போடாதீங்க'ன்னு. தறியில இருந்தவங்க எல்லாம் எழுந்து வெளிய வந்துட்டாங்க."

"சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க?"

நடராஜன் தயங்கினார். "எங்கம்மா சொன்னத வுடுங்க. நான் புள்ளைய தூக்கிக்கினு வந்துட்டேன். கெட்ட ரத்தமோ நல்ல ரத்தமோ, எம் புள்ள."

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் அம்மாவின் முதுகு தெரிந்தது. படித்து, படிப்பித்து, கட்டிலில் படுத்துக்கொண்டு பக்குவமாகக் கடிதம் எழுத நினைத்தவன் நான். வாழ்நாள் முழுக்க மூடி வைத்திருந்ததை அவள் நடுத்தெருவில் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வேலுவின் ரத்தமும் சென்னைக்குப் போயிற்று. அவனுக்கும் அது இருந்தது. அந்த மாத்திரை உள்ளே போயிருந்தால் அந்தச் சின்ன வயதில், அதுவும் காய்ச்சலோடு, என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவனுக்கும் எனக்கும் வெள்ளை மாத்திரை மட்டும்தான். காய்ச்சல் திரும்பி வந்தால் மறுபடியும் அதே. எனக்கு ஒருமுறை வந்தது, போயிற்று.

சம்பந்தியம்மா தீபாவளிவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, சரோஜாவையும் விடவில்லை. உங்கள் வம்சத்து அழுக்கு என்று சொன்னாராம். சரோஜா அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு முழுதாக ஓய்ந்துவிட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "இவளுக்கும் இருக்குது, என் வழியா வந்தது. பாச்சை உருண்டை வெச்ச துணியோட கிட்ட வராதீங்க" என்று, குழந்தை யார் ஜாடை என்று சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள். அப்போதெல்லாம் நான் ஏதோ வேலை இருப்பதுபோல் அறையை விட்டு எழுந்து போனேன். மங்கை அதைப் பார்த்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ரத்தம் எடுக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு மீண்டும் வந்தார்கள். வாசலில் நாலைந்து பேர் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பிரிமாகுவின் ஆகாது என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"கேக்கல சார். சத்தமா சொல்லுங்க" என்றார் பணியாளர், பென்சிலைக் காதில் செருகியபடி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். "எனக்கு அந்த மாத்திரை ஆகாது. ரத்தம் உடையும். பரம்பரைக் குறை" என்றேன், வகுப்பில் பேசும் குரலில். காது சுட்டது. ஆனால் சொல்லி முடித்தேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எதிர்வீட்டு அம்மாள் வந்தார். தெலுங்கு பேசும் குடும்பம், சரிகை வியாபாரம். உட்காராமல் கதவோரம் நின்று, தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சார், காலையில நீங்க சொன்னது... எங்க அண்ணன் பையனுக்கு ரெண்டு வருஷம் முன்ன அப்படித்தான் ஆச்சு. நாங்க வெளிய சொல்லல. எம் பொண்ணுக்கு இப்போ வரன் பாத்துக்கினு இருக்கோம். மெதுவா பேசுங்க சார், அவரு வூட்லதான் இருக்காரு."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். பதில் சொல்லத் தொடங்கினேன். சொற்கள் பாடம் நடத்துவதுபோல வந்தன. நிறுத்திக்கொண்டு உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்த அம்மாளைக் கையைப் பிடித்துப் பாயில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வூட்லயும்தாம்மா" என்றாள்.